அடி மூளையில், பயிற்சி ஏன் காலுக்கு?

"ஏந்தாயி, புள்ளைக்கு மூளையிலதான கோளாறுன்னாக? காலப் புடிச்சு ஏன் இந்தப் பாடு படுத்துறீக?"

மதுரையைச் சுற்றியுள்ள எந்தப் பிசியோதெரபி அறையில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பது பெரும்பாலும் அப்பத்தாவாகவோ அம்மாச்சியாகவோ இருக்கும். உசிலம்பட்டிப் பக்கமிருந்தோ மேலூர்ப் பக்கமிருந்தோ விடிகாலை பஸ்ஸில் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். ஊரே பெரியாஸ்பத்திரி என்று அழைக்கும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் வரிசையில் நின்று சீட்டு வாங்கியிருப்பார். டாக்டர் மூளையைப் பற்றித்தான் பேசினார். பயிற்சி அறைக்கு வந்தால் மூளைப் பேச்சையே காணோம். உட்கார், எழுந்திரு, காலை ஊன்று என்கிறார்கள். பிள்ளை அழுகிறது.

அப்பத்தாவின் கேள்வி நியாயமானது. மருத்துவர்களும் இதோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற மருத்துவர், பிறப்பின்போது மூச்சு முட்டிய குழந்தைகளுக்கும் பின்னாளில் அவர்களின் கால்கள் விறைத்துப்போவதற்கும் உள்ள தொடர்பை 1861இல் விரிவாக எழுதினார். அவருக்கே சிறுவயதிலிருந்து ஒரு பாதம் வளைந்திருந்தது. ஜெர்மனிக்குப் போய்த் தசைநாண் அறுவை செய்துகொண்டு குணமானவர் அவர். வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டு, மனத்தை ஆராய்ந்து புகழ்பெறுவதற்கு முன் நரம்பு மருத்துவராக இருந்த காலத்தில், 1897இல் இதே நோயைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். பிரசவம் சிக்கலானதால்தான் மூளை கெட்டது என்று ஏன் முடிவுகட்ட வேண்டும், கருவிலேயே ஏற்பட்ட கோளாறுதான் பிரசவத்தையும் சிக்கலாக்கியிருக்கலாமே என்பது அவர் எழுப்பிய ஐயம். அந்த ஐயத்துக்கு இன்றும் மதிப்பிருக்கிறது.

நம் அரசு ஆவணங்கள் இதை மூளை முடக்குவாதம் என்கின்றன. பயிற்சி அறைகளில் சுருக்கமாக 'சி.பி.'. இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், ஆயிரம் குழந்தைகளுக்குச் சுமார் மூவர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

கம்பி எங்கே அறுந்தது?

காலில் எந்தப் பழுதும் இல்லாமல்தான் இந்தக் குழந்தை பிறக்கிறது. எலும்பு இருக்கிறது, தசை இருக்கிறது, தசைக்கு வந்து சேரும் நரம்பும் இருக்கிறது. பழுது இவற்றுக்கெல்லாம் மேலே.

மூளையின் நடுவில் நீர் நிறைந்த சிறு அறைகள் உண்டு. காலுக்கான கட்டளையைக் கொண்டுபோகும் இழைகள் அந்த அறைகளின் சுவரை ஒட்டியே கீழே இறங்குகின்றன. கைக்கானவை சற்றுத் தள்ளி இறங்குகின்றன. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிடும் குழந்தையின் மூளையில், ரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் வாடுவது அந்தச் சுவரோரப் பகுதி. வாய்க்காலின் கடைமடை வயல்போல. அதனால்தான் குறைமாதத்தில் பிறந்த பல பிள்ளைகளுக்குக் கை ஓரளவு சொன்னபடி கேட்க, கால்கள் இரண்டும் விறைத்துக்கொள்கின்றன. பிறந்தவுடன் அழாத குழந்தை, மஞ்சள் காமாலை கடுமையாக ஏறிய குழந்தை, மூளைக்காய்ச்சல் வந்த குழந்தை என்று வேறு வழிகளும் உண்டு. பாதிக்கப்படும் இடத்தைப் பொறுத்து ஒரு பிள்ளைக்கு விறைப்பும், இன்னொன்றுக்குக் கட்டுக்கடங்காத நெளிவும், வேறொன்றுக்குத் தள்ளாட்டமும் வரும்.

கம்பி அறுந்தால் கால் துவண்டுதானே போக வேண்டும், ஏன் விறைக்கிறது? டாக்டர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டியதும் கால் எகிறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மூளை தேவையில்லை; தசை இழுபட்டதும் முதுகுத்தண்டே திருப்பி இழுத்துவிடுகிறது. மூளை ஓயாமல் அதற்கு 'பொறு, பொறு' என்று சொல்லி அடக்கிவைத்திருக்கிறது. அந்தச் சொல் வந்து சேராதபோது, தொட்டதற்கெல்லாம் தசை திருப்பி இழுக்கிறது. இதைத் தசை இறுக்கம் என்று அழைப்போம்.

மூளையில் ஏற்பட்ட காயம் அதற்குமேல் பரவுவதில்லை. ஆனால் பிள்ளை வளர்கிறது. எலும்பு நீள்கிறது, எப்போதும் இறுகிக் கிடக்கும் கெண்டைக்கால் தசை அந்த வேகத்துக்கு நீள்வதில்லை. குதிகால் தரையைத் தொடாமல் மேலே எழும்புகிறது. காயம் அப்படியே இருக்க, கால் மட்டும் வருடத்துக்கு வருடம் மோசமாவதுபோலத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அப்பத்தாவுக்கான பதிலில் ஒரு பாதி இங்கே கிடைத்துவிட்டது: கால் தன்னால் கெடவில்லை, ஆனாலும் கவனிக்காமல் விட்டால் கெட்டுப்போகும். மறுபாதிக்கு நீங்கள் கொஞ்சம் எழுந்து நிற்க வேண்டும்.

சுவரோரம் ஒரு சோதனை

இடது தோளும் இடது பாதத்தின் வெளி ஓரமும் சுவரோடு ஒட்டியிருக்கும்படி நில்லுங்கள். இப்போது வலது காலைத் தூக்குங்கள்.

முடியாது. வலது காலில் எந்தக் குறையும் இல்லை, தூக்கு என்று மூளையும் சொல்கிறது, ஆனாலும் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. ஏனென்றால் வலது காலைத் தூக்குவதற்கு ஒரு கணம் முன்பு உடலின் பாரம் முழுவதும் இடது பாதத்தின் மேல் சாய்ந்தாக வேண்டும். அந்தச் சாய்வைச் சுவர் தடுத்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் நாம் வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் முன் இந்தச் சாய்வு நமக்குத் தெரியாமலே நடக்கிறது. இதை முன்சாய்வு என்று சொல்லிக்கொள்வோம். பல சி.பி. குழந்தைகள் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுவரோரம்தான் நிற்கிறார்கள். கால் எழும்பாதது போலத் தெரிவதற்குப் பின்னால், பாரம் மாறாதது இருக்கிறது.

பாரம் எங்கே இருக்கிறது என்று மூளைக்கு யார் சொல்வது? கண் சொல்கிறது, உள்காது சொல்கிறது, பாதமும் மூட்டுகளும் சொல்கின்றன. குழாயடியில் கண்ணை மூடித் தலைக்கு ஊற்றும்போது லேசாகத் தள்ளாடுகிறோமே, அப்போது மூன்று சாட்சிகளில் ஒருவர் வெளியே போயிருக்கிறார். சின்னக் குழந்தைகள் கண்ணைத்தான் அதிகம் நம்புகிறார்கள். 1974இல் டேவிட் லீ, எரிக் ஆரன்சன் என்ற ஆய்வாளர்கள், தரையை அசைக்காமல் சுவர்களை மட்டும் நகர்த்தக்கூடிய ஓர் அறையில் புதிதாக நிற்கப் பழகிய குழந்தைகளை நிறுத்திப் பார்த்தார்கள். சுவர் நகர்ந்ததும் குழந்தைகள் தடுமாறினார்கள். சிலர் விழவே விழுந்தார்கள். பாதத்தின் சாட்சியம் எடுபடுவதற்கு வருடக்கணக்கில் நின்று, நடந்து, விழுந்து பழக வேண்டியிருக்கிறது. தூக்கிக்கொண்டே திரியும் குழந்தையின் பாதத்துக்குச் சொல்வதற்கு எதுவுமே இருக்காது.

ஒரு மணி நேரத்தில் 2,368 அடிகள்

இறுக்கமோ காயமோ இல்லாத குழந்தை எப்படி நடை பழகுகிறது? நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் என்ற உளவியலாளரின் குழு, நடக்கத் தொடங்கிய குழந்தைகளை விளையாட விட்டு எண்ணிப் பார்த்து, 2012இல் முடிவை வெளியிட்டது. சராசரியாக மணிக்கு 2,368 அடிகள். மணிக்கு 17 விழுதல்கள்.

17 முறை விழுவதை நான் முதலில் படித்தபோது நம்பவில்லை. பிறகு ஒரு கல்யாண வீட்டில் ஒன்றேகால் வயதுப் பிள்ளை ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தேன். நம்பிவிட்டேன்.

மூளை ஒன்றைக் கற்பது என்றால், செய்த செயலுக்கு ஏற்ப அதன் இணைப்புகள் வலுப்பதும் மெலிவதும்தான். திரும்பத் திரும்ப ஆட்கள் நடக்கும் வழியில் ஒற்றையடிப் பாதை விழுவதைப்போல. காயம்பட்ட மூளையிலும் இந்தத் திறன் இருக்கிறது. இதை மூளை நெகிழ்வு என்கிறார்கள். ஆனால் பாதை விழ வேண்டுமென்றால் அந்த வழியில் நடந்தாக வேண்டும். நடையைக் கற்றுக்கொள்ள மூளைக்கு இருக்கும் பாடப்புத்தகம் கால் ஒன்றுதான். காலை அசைக்கச் சொல்லும் பிசியோதெரபிஸ்ட் உண்மையில் மூளையோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார். அப்பத்தாவுக்கான பதிலின் மறுபாதி இது.

ஒரு நிலைப்படி

இனி ஒரு குழந்தையைக் கற்பனை செய்துகொள்வோம். நாலு வயதுப் பெண். ஏழு மாதத்தில் பிறந்தவள். உசிலம்பட்டிக்கு அருகே ஒரு கிராமம். சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நடப்பாள். கால்கள் கத்தரிபோல ஒன்றையொன்று குறுக்கிடும். "என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டதற்கு அவள் அம்மா, "வாசப்படியத் தாண்டித் திண்ணைக்கு அவளா வந்துட்டாப் போதும்க்கா" என்கிறார். அங்கேதான் தெருப்பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடுகிறார்கள்.

நல்ல பயிற்சியாளர் இந்தப் பதிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். பொதுவாக 'காலுக்குப் பலம்' என்று தொடங்குவதைவிட, குழந்தை செய்ய விரும்பும் ஒரு காரியத்தைக் குறித்துக்கொண்டு அந்தக் காரியத்தையே பழக்குவது பலன் தருகிறது. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் தலைமையிலான குழு 2013இலும் 2020இலும் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி, சிகிச்சைகளுக்குச் சாலை விளக்குபோலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்தது. காரியத்தை இலக்காக வைத்துப் பழக்குவதும், வீட்டிலேயே செய்யும் பயிற்சித் திட்டங்களும் பச்சையில் வந்தன.

நிலைப்படியின் உயரம் மூன்று அங்குலம், ஏறக்குறைய ஒரு செங்கல்லின் கனம். அதைத் தாண்ட நாலு காரியம் நடக்க வேண்டும். பாரம் ஒரு காலுக்கு மாற வேண்டும். மற்றக் கால் இடுப்பிலும் முழங்காலிலும் மடங்கி, விரல்நுனி படியில் தட்டாமல் மேலே வர வேண்டும். அது அந்தப் பக்கம் இறங்கும்போது பாதம் முழுதாகப் பதிய வேண்டும். கடைசியில் அந்த ஒற்றைக் கால் முழு உடலையும் தாங்க வேண்டும்.

நம் குழந்தைக்கு எது தடை என்று பார்த்தால் முதலாவதும் மூன்றாவதும். கெண்டைக்கால் இறுக்கத்தால் நுனிவிரல்தான் தரையில் படுகிறது. நாலு விரற்கடை அகலத்தில் முழு உடலையும் நிறுத்தச் சொன்னால் யாருக்கும் தள்ளாடும். இதற்குக் கணுக்காலை நேராக நிறுத்தும் பிளாஸ்டிக் தாங்கி உதவும். வீடுகளில் அதை 'ஷூ' என்றே சொல்கிறார்கள். குதிகால் தரையில் பட்டதும் அடித்தளம் ஒரே நாளில் இரண்டு மடங்காகிறது. பாரம் மாற்றப் பழகுவதற்குக் கட்டிலின் விளிம்பே போதும்: அதைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டுபோல நகர வேண்டும். கைக்கு எட்டாத தூரத்தில் அவளுக்குப் பிடித்த பொருளை, ஒரு நாள் வலப்பக்கமும் மறுநாள் இடப்பக்கமும், வைக்கலாம். எட்டி எடுக்க அவள் சாய்ந்தே தீர வேண்டும். எடுத்துக் கையில் கொடுத்துவிட்டால் பயிற்சி அதோடு முடிந்தது.

பலத்துக்கு, மணையிலோ தாழ்ந்த முக்காலியிலோ உட்கார்ந்து எழுதல். ஒரு காலத்தில் இறுகிய தசைக்குப் பலம் கூட்டினால் இறுக்கமும் கூடிவிடும் என்று பயந்து இதைத் தவிர்த்தார்கள். 1990களில் டயேன் டாமியானோவும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை என்று காட்டின. இறுகிய தசை உண்மையில் பலவீனமான தசையும்கூட.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். வாரம் ஒரு நாள் மதுரைக்கு வந்து, பயிற்சி அறையில் 30 தடவை உட்கார்ந்து எழுந்தால் வருடத்துக்கு 1,560. வீட்டில் காலை, மதியம், இரவு சாப்பாட்டுக்கு முன் பத்துப் பத்துத் தடவை என்றால் நாளுக்கு 30, வருடத்துக்கு 10,950. ஏழு மடங்கு. மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர். ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவரின் ஒரு நாள் கூலி போகிறது. மருத்துவமனைக்குப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதைச் செய்வது, எப்படிச் செய்வது, எப்போது கடினமாக்குவது என்று அங்கேதான் தெரிந்துகொள்ள முடியும். ஆனால் ஒற்றையடிப் பாதை விழுவது வீட்டில்.

கடினமாக்குவதுதான் இதில் நுட்பம். முதலில் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. அதைத் தாண்ட வேண்டும். பிறகு ஒரு பலகை. பிறகு படுக்கவைத்த செங்கல். அம்மாவின் இரண்டு கைகள், பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல், பிறகு அவர் முந்தானை. பத்துக்குப் பத்தும் சரியாக வந்தால் மூளைக்குக் கற்க ஒன்றும் மிச்சமில்லை. பத்தும் தவறினால் குழந்தை வெறுத்துப்போகும். ஏழெட்டு சரியாகி இரண்டு மூன்று தவறும் இடத்தில் நிறுத்திவைக்க வேண்டும். விழுவாள். பாயை விரித்து, கையை ஊன்றி விழவும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எண்ணெயும் நடைவண்டியும்

எண்ணெய் தேய்த்து நீவுவதைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். குழந்தைக்கு இதமாக இருக்கும், நன்றாகத் தூங்கும், தாயின் கை படும். தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதனால் நடை வராது. பாட்டி பேத்தியின் விரலைப் பிடித்து முதல் கோலத்தை இழுக்கலாம். பேத்தி தானாக மாவை எடுத்துப் புள்ளி வைக்கும் நாளில்தான் கோலம் கையில் ஏறும். மற்றவர் அசைக்கும் காலுக்கும் தானாக அசையும் காலுக்கும் உள்ள வேறுபாடு அதுதான். மணிக்கணக்கில் பிறர் கையால் காலை மடக்கி நீட்டிப் பணம் வாங்கும் சிகிச்சைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் அதற்குச் செலவழித்துவிட்டு, வட்டிக்கு வாங்கிய கடனோடு நிற்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது நெஞ்சு கொதிக்கிறது.

நடைவண்டி நல்ல கருவி. மூன்று மரச் சக்கரம், ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். தள்ளுவதும் நிற்பதும் குழந்தையின் வேலை. சி.பி. குழந்தைக்கு அதில் ஒரு தொந்தரவு உண்டு: சக்கரம் முன்னால் ஓட, குழந்தை குனிந்தபடியே பின்னால் இழுபடும். வண்டியின்மேல் மணல் பையை வைத்துக் கட்டினால் வேகம் குறையும். பின்பக்கமிருந்து தாங்கும் நடைச்சட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது, முதுகு நிமிரும். நடுவில் தொங்கு இருக்கை வைத்த பிளாஸ்டிக் 'வாக்கர்' மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் பாரம் காலுக்கு வருவதில்லை. குழந்தை தொங்கிக்கொண்டு நுனிவிரலால் உந்தும். எதை மறக்க வேண்டுமோ அதையே பழகும். விபத்துகளுக்கு அஞ்சிக் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்துவிட்டது.

தண்ணீர் நல்ல துணை. பிறந்த குழந்தையை நிமிர்த்திப் பிடித்தால் அடி வைப்பதுபோலக் காலை மாற்றி மாற்றித் தூக்கும். இரண்டு மாதத்தில் அது நின்றுவிடும். மூளை முதிர்ந்து அதை அடக்கிவிட்டது என்றே நெடுநாள் நினைத்தார்கள். 1984இல் எஸ்தர் தீலன் அந்தக் குழந்தைகளை மார்பளவு தண்ணீரில் பிடித்துப் பார்த்தார். அடிகள் திரும்ப வந்தன. கொழுப்பு ஏறிக் கனத்த காலைத் தூக்கத் தசைக்குப் பலமில்லாததே காரணம். தண்ணீர் அந்தக் கனத்தை வாங்கிக்கொண்டது. தரையில் ஓரடி வைக்க முடியாத பிள்ளை, பெரியவர் ஒருவர் கூடவே நின்று பிடித்துக்கொள்ள, தொட்டித் தண்ணீரில் பத்தடி வைப்பதற்கும் இதுவே விளக்கம்.

ஆய்க்குடியிலிருந்து வீடு தேடி

மதுரைக்குத் தென்மேற்கே, தென்காசியை ஒட்டி ஆய்க்குடி. 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பெயரிலுள்ள 'அமர்', தனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவு. 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

மேலே போட்ட ஏழு மடங்குக் கணக்கை இந்தச் சங்கம் நடைமுறையாக்கியது. பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர்கள் கையில் டேப்லெட்டோடு குழந்தையின் வீட்டுக்கே போகிறார்கள். பார்த்ததைப் பதிவு செய்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் உள்ளிட்ட வல்லுநர்கள் அதைப் பார்த்து அடுத்த கட்டத்தை வகுக்கிறார்கள். பயிற்சி கொடுப்பது தாய்தான், அல்லது அப்பத்தா. அரசு வழியிலும் கதவுகள் உண்டு. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் சிறு குழந்தைகளுக்கு, பள்ளி வயதில் வட்டார வள மையத்தின் இயன்முறை பயிற்சியாளர், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியே வீட்டுக்கு வரும் பிசியோதெரபி. பல குடும்பங்களுக்கு இவை இருப்பதே தெரியாது என்பதுதான் வருத்தம்.

எல்லாரும் நடப்பார்களா?

மாட்டார்கள். இதை மென்மையாக, ஆனால் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1997இல் ராபர்ட் பாலிசானோவும் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகச் சகாக்களும் குழந்தைகளின் இயக்கத் திறனை ஐந்து படிநிலைகளாகப் பிரித்தார்கள். முதல் படிநிலைக் குழந்தை ஓடும். ஐந்தாம் படிநிலையில் தலையை நிறுத்துவதே பாடு. 2002இல் அதே வட்டாரத்தில் 657 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, முதல் படிநிலைக் குழந்தை ஏறக்குறைய ஐந்து வயதுக்குள்ளும் ஐந்தாம் படிநிலைக் குழந்தை மூன்று வயதுக்குள்ளும் தன் இயக்கத் திறனில் 90 சதவீதத்தை எட்டிவிடுவதைக் காட்டியது. 'பையன் மெதுவாத்தான் நடப்பான், அவன் தாத்தாவும் அப்படித்தான்' என்று காத்திருக்கும் ஆண்டுகள் எவ்வளவு விலை உயர்ந்தவை என்று இந்த எண் சொல்கிறது. இரண்டு வயதுக்குள் தானாக உட்கார்ந்துவிடும் குழந்தை பெரும்பாலும் ஏதாவது ஒரு விதத்தில் நடக்கும்.

நடக்காத பிள்ளைக்கும் பிசியோதெரபி வேண்டும். நிற்கும் சட்டத்தில் நிறுத்துவது, இடுப்பு மூட்டு நழுவுகிறதா என்று உரிய இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது, வலியில்லாமல் உட்காரப் பொருத்தமான நாற்காலி அமைப்பது எல்லாம் அதில் சேரும். நடக்கிற பிள்ளைக்கும் சக்கர நாற்காலி தோல்வி ஆகாது. இறுகிய கால்களோடு நடப்பதற்கு மற்றப் பிள்ளைகளைவிட இரண்டு மூன்று மடங்கு சக்தி செலவாகலாம். பள்ளிக்கூடம் வரை நடந்தே போனால் பாடம் கேட்கத் தெம்பிருக்காது. வீட்டுக்குள் நடை, பள்ளிக்கு நாற்காலி என்று பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நம் கற்பனைக் குழந்தையிடம் திரும்புவோம். செங்கல்லைத் தாண்டிவிட்டாள், மழைக்காலம் முடிவதற்குள் நிலைப்படியும் தாண்டித் திண்ணைக்கு வந்துவிட்டாள், ஒரு கையால் கதவைப் பிடித்தபடி. அடுத்து என்ன வேண்டும் என்று இந்த முறை பயிற்சியாளர் அவளிடமே கேட்கிறார். அவள் அக்கா படிக்கும் பள்ளியைக் காட்டுகிறாள். பள்ளித் தாழ்வாரத்துக்கு மூன்று படிகள், ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், கைப்பிடி கிடையாது. அவளுடைய அப்பா மறுநாள் கொல்லையில் கிடந்த இன்னொரு செங்கல்லைக் கழுவிக் காயவைத்து, முதல் செங்கல்லின்மேல் வைக்கிறார். தலைமையாசிரியரிடம் கைப்பிடி பற்றிப் பேசப் போவதாக மனைவியிடம் சொல்கிறார்.